நமது கதைகளில் முதிய தொழிலாளி

இந்நாட்டுத் தமிழ்ச் சிறுகதைகளைத் தொடர்ந்து வாசித்து வருவோர், அவற்றில் அடிக்கடி தலைகாட்டும் ஒரு கிழவனாரை நன்கு அறிவர். தோட்டத்து லயத்தின் வாசலிலோ, பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி ஒன்றின் ஒடுங்கிய கூடத்திலோ அவர் அமர்ந்திருப்பார். இருமுவார், பழங்கதை பேசுவார். படித்த மகனோ பேரனோ அவரை நோக்கி, “உங்களுக்கு ஒன்றும் தெரியாது” என்பான். உடனே கிழவனார் கண்கலங்குவார். அன்றேல் கள்ளுக்கடைக்குப் புறப்பட்டு விடுவார். கதையாசிரியர் எந்தக் கட்சியைச் சேர்ந்தவரோ அதற்கேற்ப முடிவு அமையும். சீர்திருத்தப் பற்றுடையவராயின் மகன் வெல்வான். பண்டைப் பெருமை பேசுபவராயின் மகன் கடைசிப் பத்தியில் கிழவனாரின் காலடியில் விழுவான். இவ்விரண்டுக்கும் அப்பால் மூன்றாவது முடிவொன்று உண்டு: கிழவனார் இறந்து போவார். எழுதுபவர்க்கு மிகவும் வசதியான முடிவு அதுவே.

இக்கதைகளை நாம் பத்திரிகைகளிலும் போட்டித் தொகுதிகளிலும் பல ஆண்டுகளாக வாசித்து வருகிறோம். நமக்கு எழும் வினா மிகச் சிறியது. இந்தக் கிழவனார் நாற்பது ஆண்டுக் காலம் என்ன வேலை செய்தார்? கதையில் அதற்கு விடை இல்லை. “தோட்டத்தில் மாடாய் உழைத்தார்” என்று ஒரு வரி இருக்கும். அதற்குமேல் ஒன்றும் இராது. மாடு உழைப்பது உண்மையே. ஆனால் மாட்டினிடம் கற்றுக்கொள்ள வேண்டிய தொழில் நுணுக்கம் யாதும் இல்லை. மனிதனுடைய நாற்பதாண்டு உழைப்பை அவ்வொரு சொல்லுக்குள் அடக்கி விட்டால், “உங்களுக்கு ஒன்றும் தெரியாது” என்னும் இளைஞனின் கூற்றைக் கதையாசிரியரே முன்கூட்டி ஒப்புக்கொண்டவராகிறார். பிறகு கண்ணீர் விட்டுப் பயன் என்ன?

நிற்க. முதியோரைக் கதையில் தாழ்த்தி எழுதும் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் நேர்மையாகக் கூறவேண்டும். அதற்கு நியாயமான காரணம் இருந்தது. தோட்டத்து மூத்தவர் என்றால் ஒரு காலத்தில் கங்காணி என்றே பொருள். ஊரிலிருந்து ஆள் கட்டி வந்தவர் அவர். தலைக்கு இவ்வளவென்று பணம் பெற்றவர் அவர். சாதிக்கு ஒரு லயம் என்று பிரித்து வைத்ததிலும் அவர் கை இருந்தது. 1938ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் உதவிபெற்ற குடியேற்றத்தை நிறுத்தும்வரை அம்முறை நிலைத்திருந்தது. 1929ஆம் ஆண்டின் இறுதியில் ஈ. வெ. ரா. இந்நாட்டுக்கு வந்து பேசியபோது, ‘பெரியவர் சொன்னார்’ என்பது ஒரு நியாயமாகாது என்று நமது வாலிபர்கள் முதன்முறையாகத் துணிந்து சொல்லக் கற்றனர். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளுள் கூலி உயர்வும் மருத்துவ வசதியும் மட்டும் இருக்கவில்லை. துரைமார் முன்னும் உத்தியோகஸ்தர் முன்னும் சைக்கிளைவிட்டு இறங்காமல் செல்லும் உரிமையும் கேட்கப்பட்டது. தமிழ் நேசனில் பணியாற்றிய ஆர். எச். நாதன் அதற்காக நாடு கடத்தப்பட்டார். அந்தச் சைக்கிளில் இருந்து இறங்க மறுத்த வாலிபனின் வழித்தோன்றல்கள் நாம். முதியோர் முன் கைகட்டி நிற்க வேண்டும் என்று இங்கே எழுத நமக்குச் சிறிதும் விருப்பமில்லை. குறளில் பெரியாரைத் துணைக்கோடல் என்றோர் அதிகாரம் இருப்பதைக் காட்டி இளைஞரின் வாயடைக்கும் மேடைப் பேச்சாளரையும் நாம் ஏற்கோம். வயது மட்டும் போதுமென்று அங்கே எங்கும் கூறப்படவில்லை.

ஆனால் வயதின் அதிகாரம் ஒன்று. கைப்பழக்கத்தால் வந்த அறிவு வேறொன்று. சீர்திருத்தக்காரர் முன்னதை எதிர்த்தனர். நமது கதையாசிரியர்கள் முன்னதோடு பின்னதையும் குப்பையில் எறிந்து விட்டனர். அனுபவமும் ஒரு சான்று என்பதை மறந்த பகுத்தறிவு, பகுத்தறிவாகாது. இந்தக் குழப்பத்தால் இலக்கியத்துக்கு நேர்ந்த கேடு யாதெனில், முதிய தொழிலாளியின் கோபம் எதற்காக எழுகின்றது என்பதே நமது கதைகளில் தவறாக எழுதப்பட்டு வருகின்றது. ‘மதிக்கவில்லையே’ என்று அவர் குமுறுவதாக எழுதுகின்றனர். தோட்டக் கணக்கு எழுதும் தொழிலில் இருக்கும் நாம் அறிந்தவரை, அவர் குமுறுவது பெரும்பாலும் மரத்துக்காக.

இதை விளக்கப் பால்வெட்டுத் தொழிலைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். நகரத்து வாசகர்கள் பொறுத்தருள்க. தோட்டத்து வாசகர்கள் நம்மைத் திருத்துக.

ரப்பர் மரத்தின் பால் கட்டையில் இல்லை, பட்டையில் இருக்கின்றது. பட்டையிலும் வெளிப்புறத்தில் மிகக் குறைவு. உட்புறத்தில், கட்டையை ஒட்டிய மெல்லிய உயிர்ப்படலத்துக்கு மிக அருகில்தான் பாற்குழாய்கள் நெருங்கி ஓடுகின்றன. ஆகையால் உளி ஆழமாகச் செல்லவேண்டும். ஆனால் அவ்வுயிர்ப்படலத்தைத் தொடக்கூடாது. ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனம் பட்டையை விட்டு வைக்க வேண்டும். அதைத் தொட்டுவிட்டால் மரம் காயப்பட்டு, அவ்விடத்தில் புதுப்பட்டை சமமாக வளராமல் முண்டும் முடிச்சுமாக எழும்பும். மேலும், பாற்குழாய்கள் நேர்நிமிர்ந்து செல்வதில்லை. சிறிது சாய்ந்து செல்கின்றன. அதனால்தான் வெட்டு இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து வரவேண்டும் என்பது விதியாயிற்று. விடியுமுன் வெட்டவேண்டியதன் காரணமும் அதுபோன்றதே: வெயில் ஏறினால் மரத்தினுள் நீரழுத்தம் குறைந்து பால் விரைவில் நின்றுவிடும். இவ்வளவும் இருளில், தலைவிளக்கின் ஒளியில், ஒரு மரத்துக்குச் சில விநாடிகளே கொடுத்து, நூற்றுக்கணக்கான மரங்களைக் கொண்ட நிரையில் செய்யப்படுகின்றது. அந்த ஒரு மில்லிமீட்டரைக் கண் அளப்பதில்லை. உளி பட்டையில் செல்லும் ஓசையையும் கைக்குக் கிடைக்கும் தடையையும் கொண்டே தேர்ந்த வெட்டுக்காரர் அளக்கின்றார்.

இந்த முறையை வகுத்தவர் புத்தகம் படித்த ஒரு வெள்ளையர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பேற்ற ரிட்லி என்பார், கோடரியால் மரத்தைக் கொத்தும் பிரேசில் வழக்கத்துக்கு மாறாக, அதே வெட்டை நாடோறும் மெல்லியதாகச் சீவித் திறந்தால் மரம் சாகாது என்று காட்டினார். காப்பி பயிரிட்டு அனுபவம் பெற்ற துரைமார் அவரைப் ‘பைத்தியக்கார ரிட்லி’ என்று நகைத்தனர். அனுபவஸ்தர் நகைத்தது தவறு. ரிட்லி சொன்னதே நின்றது. ஆனால் ரிட்லியும் வாயால் மட்டும் பேசவில்லை. ஆண்டுக்கணக்கில் மரத்தை வெட்டிப் பார்த்தே பேசினார். பிறகு அவர் முறையை லட்சக்கணக்கான ஏக்கரில் நடத்திக் காட்டிய கைகளில் பெரும்பகுதி தமிழ்க் கைகள். ரிட்லிக்கு 1956 வரை, தொண்ணூற்றுச் சொச்சம் வயதைக் கடந்து நூறையும் தாண்டி, புகழ் இருந்தது. கைகளுக்கு செக்ரோல் புத்தகத்தில் ஒரு எண் இருந்தது.

இங்கே கதையாசிரியர் கவனிக்கவேண்டிய செய்தி வருகின்றது. ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டும் முறையில் மரத்தின் ஒரு பக்கத்துப் பட்டை தீர ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். பின்னர் மறுபக்கம், அதற்கும் அத்தனை ஆண்டுகள். அதன் பிறகே முதற்பக்கத்தில் வளர்ந்துள்ள புதுப்பட்டைக்குத் திரும்புவர். இன்று ஒருவன் அவசரத்தில் செய்த காயம் ஏறத்தாழப் பத்தாண்டு கழித்தே இன்னொருவர் உளியின்முன் வந்து நிற்கும். அப்பொழுது அவசரப்படுத்திய சின்ன துரை எங்கிருப்பார்? மூன்று தோட்டம் மாறி, பதவி உயர்ந்து, தலைமை அலுவலகத்தில் அமர்ந்திருப்பார். வெட்டுக்காரர் மட்டும் அதே நிரையில் இருப்பார். காலம் கடந்து வரும் விளைவை இருந்து பார்த்தவர் என்பதே முதிய தொழிலாளியின் தனித் தகுதி. முப்பதாண்டு ஒரே இடத்தில் நிற்காமல் அதைப் பெற வழியில்லை. அவருடைய எரிச்சலும் அங்கிருந்தே பிறக்கின்றது: தமக்குத் தெரிந்ததை இப்போதே மெய்ப்பிக்க அவரால் இயலாது, மெய்ப்பிக்கப்படும் நாளில் கேட்க எவரும் இரார்.

நாம் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கூறுவோம். எந்தத் தோட்டம், எந்தக் கம்பெனி என்பது வேண்டியதில்லை. இரவு மழை பெய்து பட்டை ஈரமாயிருந்த ஒரு காலை. மாத முடிவு, கணக்குக்குப் பால் குறைவு. பட்டம் பெற்றுப் புதிதாய் வந்த இளம் அதிகாரி பெரட்டில் நின்று, வெட்டியே ஆகவேண்டும் என்றார். தமிழரே, நம்மைவிட இளையவர், கையில் கணக்குப் பலகை போன்ற மின்கருவி. நனைந்த பட்டையில் பால் கோட்டில் ஓடாமல் மரமெங்கும் வழிந்து வீணாகும் என்பதும், ஈரத்தில் வெட்டிய முகத்தில் பூஞ்சை பற்றும் என்பதும் புத்தகத்திலேயே இருக்கின்றன. அவர் அப்பக்கத்தைப் படித்திருக்கவில்லை போலும். அறுபதை எட்டிய வெட்டுக்கார அம்மையார் ஒருவர் முன்வந்து, “தம்பி, இந்தப் பட்டைக்கு நாம திரும்பி வர்றப்ப நீங்க இங்க இருக்கமாட்டீங்க” என்றார். அதிகாரி அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொண்டார். ‘வயதானவர்களுக்கு மாற்றம் பிடிக்காது’ என்று நம்மிடம் ஆங்கிலத்தில் கூறினார். அந்த அம்மையார் மாற்றத்தைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. அவர் கூறியது பட்டையைப் பற்றி.

இந்நிகழ்ச்சி நமது கதையாசிரியர் ஒருவர் கையில் கிடைத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டு. அம்மையார் முந்தானையால் கண்ணைத் துடைத்திருப்பார். அதிகாரியின் தாயார் நினைவுக்கு வந்து அவர் மனம் மாறியிருப்பார். பட்டை கதையைவிட்டே மறைந்திருக்கும்.

ரப்பர் போய்விட்டதே, இந்தப் பட்டைப் புராணம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். ரப்பர் இருந்த இடங்களில் பெரும்பாலும் இன்று செம்பனை நிற்பது மெய்யே. அங்கும் இதே கதைதான். குலைக்குக் கீழே தாங்கலாக இருக்கவேண்டிய மட்டைகளையும் சேர்த்து வெட்டி, மரத்தை மொட்டையாக்கினால் அறுப்பது எளிது, பார்வைக்கும் துப்புரவு. ஆனால் வதைபட்ட மரம் ஏறக்குறைய இரண்டாண்டு கழித்து ஆண் பூக்களையே மிகுதியாகத் தள்ளும், குலை குறையும். குறைந்த ஆண்டில் மழையைக் குறை கூறுவர், உரத்தைக் குறை கூறுவர். மட்டையை நினைப்பவர் அறுப்புக்காரர் ஒருவரே.

இனி, இந்தப் பொருளை நன்கு எழுதியவர் உண்டா என்று பார்ப்போம்.

தமிழில் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது அசோகமித்திரனின் ‘புலிக் கலைஞன்’. 1973இல் வெளியான கதை. படவேலை இல்லாமல் வெறுமனே அமர்ந்திருக்கும் சினிமாக் கம்பெனிக் கதை இலாகாவினரிடம் காதர் என்னும் ஏழை வேலை கேட்டு வருகின்றார். புலி வேடம் போடுவதே அவர் தொழில். உட்கார்ந்திருப்பவர்களுக்கு அவரைப் பற்றி எல்லாம் தெரிந்துவிட்டது போன்ற ஒரு நினைப்பு. நம் போன்ற குமாஸ்தாக்களுக்கு இந்த நினைப்பு நன்கு பழக்கமானதே. அப்பொழுது அவர் புலித்தலையை மாட்டிக்கொண்டு அவ்வறையிலேயே புலியாகி விடுகின்றார். கதையின் உயிர் அங்கேதான் இருக்கின்றது. அவர் ஏழை என்று சொல்லி இரக்கம் தேடாமல், அவருடைய தொழிலை நம் கண்முன் நிகழ்த்திக் காட்டுகின்றார் ஆசிரியர். மேசையும் நாற்காலியும் உள்ள அறையில் ஒரு மனிதன் எவ்வாறு பாய்ந்தான், எவ்வாறு நிலைத்தான் என்பதைப் பார்த்தபின், அவர் வேலை கேட்டு அழும்போது நமக்கு ஏற்படுவது இரக்கம் அன்று, வெட்கம். பின்னர் அவரைத் தேடும்போது அவர் அகப்படுவதில்லை. அசோகமித்திரன் இதற்குமேல் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

மேலைநாட்டில் இப்பொருளுக்குப் பெயர்பெற்ற எழுத்து ஆர்தர் மில்லரின் ‘ஒரு விற்பனையாளனின் மரணம்’ என்னும் நாடகம். 1949இல் நியூயார்க்கில் அரங்கேறியது. அறுபது கடந்த வில்லி லோமன், தம் முதலாளியின் மகனிடம், தொட்டில் நாளிலிருந்து தாம் அறிந்த ஹோவர்டிடம், ஊர் சுற்றாத வேலை ஒன்று கேட்கச் செல்கின்றார். ஹோவர்ட் புதிதாய் வாங்கிய ஒலிப்பதிவுக் கருவியில் தன் பிள்ளைகளின் குரலைக் கேட்டுக்கொண்டே இருக்கின்றான். இடையிடையே கிழவரைக் கவனிக்கின்றான். கடைசியில் வேலையைவிட்டு நீக்குகின்றான். அக்கருவியைக் கைபேசியாக மாற்றிவிட்டால் இக்காட்சியைக் கோலாலம்பூரில் எந்த அலுவலகத்திலும் நடிக்கலாம். ஆயினும் நமக்கு இந்நாடகத்தில் ஒரு குறை உண்டு. அல்லது அது மில்லர் வேண்டுமென்றே வைத்த வெற்றிடமோ என்னவோ. வில்லி என்ன சரக்கு விற்கின்றார் என்பது நாடகம் முடியும்வரை கூறப்படுவதே இல்லை. அதனால் அவர் துயரம் முழுவதும் தம்மைப் பற்றியதாகவே நின்றுவிடுகின்றது. வீட்டின் முகப்பைத் தம் கையால் சிமெந்து பூசிக் கட்டியதில் இருந்த மெய், விற்பனையில் இல்லை என்பதை அவர் இறந்தபின் மகன் உணர்கின்றான். அந்தச் சிமெந்து வேலையை நாம் மேடையில் காணவில்லை. நமது எழுத்தாளர் பலர் மில்லரிடமிருந்து கண்ணீரை மட்டும் பெற்றுக்கொண்டனர் என்று நமக்குத் தோன்றுகின்றது. ஆனால் மில்லரின் நேர்மை அவர்களிடம் வரவில்லை: வில்லி திறமை மிக்க விற்பனையாளர் என்று மில்லர் ஒருபோதும் சொல்லவில்லை. நமது கிழவனாருக்கோ குறையே இருப்பதில்லை.

நம் நாட்டவருள் இப்பொருளுக்கு அருகில் வந்தவர், வருந்தத்தக்க வகையில், ஆங்கிலத்தில் எழுதியவர். கெடாவில் பீடோங்கில் பிறந்த கே. எஸ். மணியம் 1981இல் வெளியிட்ட ‘தி ரிட்டர்ன்’ என்னும் நாவலைக் குறிப்பிடுகின்றோம். கதை சொல்லும் ரவி ஆங்கிலப் பள்ளியில் படித்து ஆசிரியராகின்றவன். அவன் தந்தை மருத்துவமனையில் துணி வெளுக்கும் தொழிலாளி. பாட்டி பெரியாத்தாவும் தந்தையும் தமக்கென்று ஒரு துண்டு நிலத்தில் ஒரு வீட்டை நிலைநிறுத்தப் போராடி, உரிமைப் பத்திரம் இன்றியே முடிகின்றனர். தந்தை தம் வீட்டோடு எரிந்து போகின்றார். ஆங்கிலப் பள்ளியில் படித்த நமக்கு இந்நாவல் எளிதில் செரிக்கவில்லை. மொழி கற்பிக்கும் மகனுக்குத் தந்தையின் பேச்சு விளங்காமற் போவதை மணியம் எவ்வித மன்னிப்பும் கேட்காமல் எழுதுகின்றார். ரவி தீயவன் அல்லன். ‘உங்களுக்கு ஒன்றும் தெரியாது’ என்று அவன் வாய்விட்டுச் சொல்வதும் இல்லை. அவன் கற்ற கல்வி அவனுக்காக அதைச் சொல்லிவிடுகின்றது. வெளுத்த துணியின் ஆவியும் இஸ்திரிப் பெட்டியின் சூடும் அந்நூலில் இருக்கின்றன. ஒரு தொழிலின் நடுவே வளர்ந்த பிள்ளையின் உடல்நினைவு அது. தமிழில் நாம் எதிர்பார்ப்பது இத்தகைய நினைவையே.

இன்னொரு வகை நூலும் உண்டு: துரைமாரே தம்மை நகைத்துக்கொண்டது. ‘குவாய் நதிப் பாலம்’ எழுதிப் புகழ்பெற்ற பிரெஞ்சுக்காரர் பியேர் பூல், 1936இல் பொறியியலாளராக மலாயாவின் ரப்பர்த் தோட்டத்துக்கு வந்தவர். அவ்வனுபவத்தைக்கொண்டு 1951இல் அவர் எழுதிய நாவல், ஆங்கிலத்தில் ‘மலாயாவில் தெய்வ நிந்தனை’ என்ற பொருள்படும் பெயரோடு வந்தது. திட்டம், வரைபடம், ஒழுங்குமுறை என்று வெறிபிடித்து அலையும் கம்பெனி நிர்வாகத்தை அதில் எள்ளி நகையாடுகின்றார். அமெரிக்கர் டெய்லர் 1911இல் வெளியிட்ட விஞ்ஞான நிர்வாக நூலில், தொழிலாளர் பரம்பரையாகச் சேர்த்துவைத்த அறிவை நிர்வாகம் திரட்டி விதிகளாக்கிக் கொள்ளவேண்டும் என்று கூறுகின்றார். தொழிலாளியிடம் அறிவே இல்லை என்று டெய்லர்கூடச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க. அவ்வறிவு இருப்பதாலேயே அதை எடுத்துக்கொள்ள வழி தேடினார். டெய்லருக்குத் தெரிந்த இவ்வளவும் நமது கதையாசிரியருக்குத் தெரியாதிருப்பது விந்தை. பூலின் நகைப்பு கூர்மையானது. ஆயினும் அவர் கண் துரைமார் பங்களாவின் மீதே இருக்கின்றது. உளி பிடித்த கையின் பக்கம் நின்று அந்த வெறியை நகைக்கும் நாவல் நம்மிடமிருந்துதான் வரவேண்டும்.

முதியோர் கூறுவதெல்லாம் சரியென்று இதனால் கொள்ளற்க. களைக்கொல்லி தெளிக்கும் வேலையில் கையுறையும் முகக்கவசமும் இன்றி நின்ற பெண்களை நமது வாசகர் பலர் கண்டிருப்பர். “இருபது வருசமா வெறுங்கையாலதான் அடிக்கிறோம், என்ன ஆச்சு?” என்று கேட்ட மண்டோர்களும் இருந்தனர். நகம் கறுத்து உதிர்ந்தது, மூக்கில் இரத்தம் வந்தது, அதுதான் ஆயிற்று. தெனகானித்தா அமைப்பின் ஐரின் பெர்னாண்டஸ் போன்றோர் பல்லாண்டு போராடினர். இந்நாட்டில் பாராக்குவாட் நஞ்சு 2020ஆம் ஆண்டில்தான் தடைசெய்யப்பட்டது. புட்டியின் மேல் ஒட்டியிருந்த எச்சரிக்கையைப் படித்துக் கேள்வி கேட்ட இளம்பெண் இங்கே சரி, அனுபவஸ்தர் தவறு. இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு புலப்படும். மழைநாளில் மறுத்த அம்மையார் தாம் இருந்து கண்ட விளைவைச் சொன்னார். மண்டோர் தாம் காண மறுத்த விளைவை இல்லையென்றார். ஒருவர் வயதை மட்டும் அறிந்துகொண்டு இவ்விருவரில் அவர் எவர் என்று கூற முடியாது. அவர் வேலையைப் பார்த்தாலன்றி வழியில்லை. கதையாசிரியரும் அதைத்தான் செய்தாக வேண்டும்.

நமது எழுத்துலகிலேயே இதற்கு ஒரு முன்மாதிரி இருந்தது. 1950இல் தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்தினர். எழுத முன்வந்த வாலிபர்களுக்குப் பாடம் கொடுத்து, பயிற்சி கொடுத்து, திருத்தி அனுப்பினர். கதையெழுதுவதும் கற்கவேண்டிய கைத்தொழில் என்று அன்று கருதப்பட்டது. அங்கிருந்து எழுந்தவர் பலர் பின்னாளில் மூத்த எழுத்தாளராயினர். 1952இல் கு. அழகிரிசாமி அதே பத்திரிகைக்கு வந்து ஐந்தாண்டு இருந்தபோது இங்குள்ளோரிடம் கேட்டதும் தரத்தையே. இன்று தம் எழுத்தில் ஒரு சொல்லைத் திருத்தினாலும் சினம் கொள்ளும் இளைஞர், தம் கதையில் நாற்பதாண்டு உளிபிடித்த கிழவனாருக்குப் பரிந்து பேசுவது சற்று வேடிக்கையாகவே இருக்கின்றது.

பிரிக்பீல்ட்ஸில் இவற்றை நாம் எழுதிக்கொண்டிருக்கும்போது இன்னொன்றும் தோன்றுகின்றது. 1881ஆம் ஆண்டின் தீக்கும் வெள்ளத்துக்கும் பின்னர்க் கோலாலம்பூர் செங்கல்லால் கட்டப்பட்டது. அக்கல் சுட்ட சூளைகளாலேயே இவ்விடத்துக்குப் பெயர் வந்தது. பிறகு ரயில்வே குடியிருப்புகள் எழுந்தன. எஞ்சினை ஓசையால் சோதித்த பட்டறைக்காரர், தண்டவாளம் போட்ட கூட்டத்தார், ஆங்கிலம் படித்துக் கணக்கெழுத வந்த யாழ்ப்பாணத்தார் எனப் பலர் இங்கு வாழ்ந்தனர். இவர்களைப் பற்றிய கட்டுரைகளில் கோயிலும் பள்ளியும் உணவும் வருகின்றன. ஒரு கல் சரியாக வெந்ததா என்பதைச் சூளைக்காரர் எதைக்கொண்டு அறிந்தார் என்பதை எந்தக் கதையிலும் நாம் வாசித்ததில்லை. கேட்பதற்கு அவர்களுள் ஒருவரும் இன்றில்லை. பால்வெட்டுக்காரர் இன்னும் சிலர் இருக்கின்றனர். கிள்ளான் மருத்துவமனை வரிசையிலும், பிரிக்பீல்ட்ஸ் தேநீர்க் கடைகளிலும், பிள்ளைகள் வாங்கிய மலிவுவிலை வீடுகளிலும் அவர்களைக் காணலாம். எழுத்தாளர் ஒருவர் குறிப்பேட்டோடு சென்று, “ஐயா, காயம் படாமல் வெட்டுவது எப்படி?” என்று கேட்டால் அரைநாள் பேசுவர். “உங்கள் துன்பங்களைச் சொல்லுங்கள்” என்று கேட்டால் இரண்டு நிமிடத்தில் முடித்துக்கொள்வர். இதை நாம் பலமுறை கண்டிருக்கின்றோம்.

மழைநாளில் பேசிய அம்மையார் இப்பொழுது ஒரு வங்காளதேசத்து வாலிபனுக்கு உளி பிடிக்கக் கற்பித்து வருகின்றார். இருவருக்கும் பொதுமொழி, இருவரும் அரைகுறையாகப் பேசும் மலாய். வாலிபனுக்குத் தான் எல்லாம் அறிந்தவன் என்ற எண்ணம் நிறைய இருக்கின்றது. முதல் வாரத்திலேயே மூன்று மரங்களைக் காயப்படுத்தினான். அம்மையார் அவன் கையைப் பிடித்து, காயத்தின்மேல் விரலை வைத்து அழுத்திக் காட்டினார். தமிழில்தான் வைதார். அவனும் புரிந்துகொண்டு தலையசைத்தான். இன்னும் எழுதப்படாத கதை இது.